என் வேலை மட்டும் ஏன் நிற்கிறது? ஸ்லர்ம் கிளஸ்டரில் பங்கீட்டுக் கோளாறுகளை அறிகுறி வழியே பிடித்தல்

திங்கட்கிழமை காலை. பையை மேசையில் வைப்பதற்குள் வாசலில் ஓர் ஆய்வு மாணவர். "அண்ணா, வெள்ளிக்கிழமை மதியம் போட்ட என் வேலை இன்னும் வரிசையிலேயே கிடக்கிறது. நேற்று இரவு போட்ட இன்னொருவருடைய வேலை ஓடி முடிந்தேவிட்டது. நியாயப் பங்கீடு என்றீர்களே?"

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் கிளஸ்டரை, அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் கணினிக் கூட்டத்தை, பார்த்துக்கொள்கிறேன். பெரிய இயந்திரம் என்று சொல்ல முடியாது. பன்னிரண்டு நோடு (தனித்தனிக் கணினி), நோடுக்கு 32 கோர், 128 ஜிபி நினைவகம். இரண்டு நோடுகளில் மட்டும் தலா இரண்டு ஜிபியு. அலையையும் நீரோட்டத்தையும் கணிக்கும் கடல் குழு, மூலக்கூறுகளை ஆட்டிப் பார்க்கும் வேதிக் குழு, ஓலைச்சுவடிப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் சுவடிக் குழு என்று மூன்று கூட்டம் இதைப் பகிர்ந்துகொள்கிறது. யார் வேலை எப்போது எந்த நோடில் ஓடும் என்று வரிசையை நடத்தும் மென்பொருள் ஸ்லர்ம். எனக்கு வந்த முறையீடுகளை, வந்தவர் சொன்ன விதத்திலேயே தலைப்பாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன்; ஸ்லர்மோடு பழகியவர்களுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபேர்ஷேர் என்ற நியாயப் பங்கீட்டு முறை இயந்திரத்தைக் கூறு போட்டுக் கொடுப்பதில்லை. காத்திருப்பவர்களில் அடுத்தது யார் என்பதை மட்டும் சொல்கிறது. ஊர் தூங்கும் நேரத்தில் ஒருவர் 384 கோரையும் வாரிக்கொண்டால் அது கையைப் பிடிக்காது. மளிகைக் கடைக்காரர் போல நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். கூட்டம் வரும்போது அந்த நோட்டைப் பார்த்து அவரைப் பின்னால் நிறுத்தும். ஆகவே முறையீடு எதுவானாலும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். நோட்டில் எழுதப்பட்டதா? எழுதியதை ஸ்லர்ம் படிக்கிறதா? இரண்டும் சரியென்றால், வேலை நிற்பதற்கும் பங்குக்கும் சம்பந்தம் உண்டா?

"முதலில் போட்டவருக்கே முதலில் கிடைக்கிறது. பங்கு எங்கே?"

எஸ்கண்ட்ரோல் ஷோ கான்ஃபிக் என்று அடித்து, பிரையாரிட்டி என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். பிரையாரிட்டிடைப் என்ற வரியில் பேசிக் என்று இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்தது: வந்த வரிசைப்படிதான் எல்லாம் நடக்கும், பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மல்ட்டிஃபேக்டர் என்று மாற்றி, ஸ்லர்மின் மைய நிரலான ஸ்லர்ம்சிடிஎல்டியை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

மல்ட்டிஃபேக்டர் ஏற்கெனவே இருந்தால் எடைகளைப் பாருங்கள். பிரையாரிட்டிவெயிட் என்று தொடங்கும் எடைகள் எல்லாம் நாமாகக் கொடுக்காதவரை பூஜ்யம்தான். மல்ட்டிஃபேக்டரைப் போட்டுவிட்டு ஃபேர்ஷேர் எடையைக் கொடுக்க மறந்தவர்கள் பலர். நோட்டில் எழுதப்படும், படிப்பவர் இருக்கமாட்டார்.

எடை இருந்தும் பயனில்லாமல் போகும் வழியும் உண்டு. நான் பொறுப்பேற்றபோது இங்கே காத்திருப்பு வயதுக்கு 10,000, ஃபேர்ஷேருக்கு 1,000 என்று எடை இருந்தது. ஒவ்வொரு காரணியும் 0 முதல் 1 வரையிலான எண். எடையால் பெருக்கிக் கூட்டினால் முன்னுரிமை. பிரையாரிட்டிமேக்ஸ்ஏஜ் இயல்பாக 7 நாள். மூன்று நாள் காத்திருந்த வேலையின் வயதுக் காரணி 3/7, சுமார் 0.43, அதற்கு 4,286 புள்ளி. இந்த மாதம் எதையுமே தொடாத ஒருவர் இப்போதுதான் ஒரு வேலை போடுகிறார். அவருடைய ஃபேர்ஷேர் முழு 1.0 என்றாலும் 1,000 புள்ளிதான். வாரம் முழுக்க இயந்திரத்தை அடைத்துக்கொண்டவரே காத்திருந்து காத்திருந்து முன்னால் வந்துவிடுவார். எஸ்பிரையோவை ஹைஃபன் எல் என்ற விருப்பத்தோடு அடித்தால் ஒவ்வொரு வேலைக்கும் எந்தக் காரணியிலிருந்து எத்தனை புள்ளி வந்தது என்று பத்தி பத்தியாகக் காட்டும். ஹைஃபன் டபிள்யூ கொடுத்தால் எடைகள் தெரியும். வயதுப் பத்தி நான்கு இலக்கத்திலும் ஃபேர்ஷேர் பத்தி மூன்று இலக்கத்திலும் இருந்தால் உங்கள் நியாயப் பங்கீடு வெறும் சுவரொட்டி.

நான் ஃபேர்ஷேருக்கு 1,00,000, வயதுக்கு 10,000 என்று திருப்பிப் போட்டேன். விகிதம்தான் முக்கியம். ஆனாலும் எண்கள் பெரிதாக இருப்பது நல்லது: இறுதி முன்னுரிமை முழு எண்ணாகவே வைக்கப்படுகிறது, எடை பத்தும் இருபதுமாக இருந்தால் 0.41-க்கும் 0.43-க்கும் உள்ள வேறுபாடு தசமத்தோடு காணாமல் போகும். வயதை அடியோடு பூஜ்யமாக்கிவிடாதீர்கள். பங்கில் கடைசியில் நிற்பவருக்கும் என்றைக்காவது முறை வர வேண்டும்.

"எஸ்ஷேரில் என் பெயரே இல்லை"

எஸ்ஷேர் ஒவ்வொருவரின் பங்கையும் பயன்பாட்டையும் காட்டும் கட்டளை. அதில் பெயர் இல்லையென்றால் கணக்குப் பதிவு இல்லாதவர் என்று அர்த்தம். யார் எந்தக் குழுக் கணக்கில் என்று காட்டும் சாக்ட்எம்ஜிஆர் ஷோ அசோசியேஷனை அடித்துப் பாருங்கள். அக்கவுண்டிங்ஸ்டோரேஜ்என்ஃபோர்ஸ் என்ற வரியில் அசோசியேஷன்ஸ் என்ற சொல் இல்லாவிட்டால், கணக்கில் பெயர் இல்லாதவரும் வேலை போட முடியும். அவர் செலவு எந்தக் குழுவின் தலையிலும் ஏறாது. வாசலில் டிக்கெட் கேட்காத திரையரங்கு அது. அசோசியேஷன்ஸ், லிமிட்ஸ் (வரம்புகள்), கியூஓஎஸ் (வேலைகளுக்கான விதித் தொகுப்பு) மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். எழுதுவதற்கு முன்பு எல்லாருக்கும் கணக்கு இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை உங்கள் தொலைபேசி ஓயாது.

இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் தனி வகை. வேலை போடும் கட்டளையான எஸ்பேட்சில் கணக்கின் பெயரைச் சொல்லாமல் போட்டால் செலவு இயல்புக் கணக்கில் ஏறும். கடல் குழு ஆய்வுக்கு ஓட்டியதை வேதிக் குழு சுமக்கும். இதை இயந்திரம் கண்டுபிடிக்காது; ஆட்களிடம் சொல்லித்தான் தீர்க்க முடியும்.

"நான் இந்த மாதம் ஒரு வேலைகூடப் போடவில்லை. எனக்கு ஏன் 0.4?"

எனக்கு அதிக நேரம் பிடித்த முறையீடு இது. கேட்டவர் வேதிக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். கடல் குழுவில் எப்போதும் ஓட்டிக்கொண்டே இருப்பவருக்கு ஃபேர்ஷேர் 0.5 என்றும், தனக்கு 0.4 என்றும் எஸ்ஷேரில் பார்த்துவிட்டு நேராக வந்தார். பார்ப்பதற்கு அநியாயமாகத்தான் இருந்தது. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

இன்றைய ஸ்லர்மில் இயல்பாக ஓடுவது ஃபேர் ட்ரீ என்ற முறை. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரயன் காக்ஸ், லெவி மாரிசன் இருவரும் எழுதியது. 14.11 பதிப்பில் விருப்பத் தேர்வாக வந்து, 19.05-இல் இயல்பு முறையாகிவிட்டது. இது மரத்தின் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். முதலில் குழுக்களுக்குள் போட்டி, பிறகு ஒரு குழுவின் ஆட்களுக்குள் போட்டி.

எங்கள் பங்குகள்: கடல் 50, வேதி 30, சுவடி 20. அன்றைய பயன்பாடு: கடல் 40 சதவீதம், வேதி 55, சுவடி 5. பங்கைப் பயன்பாட்டால் வகுத்தால் வருவதுதான் லெவல்எஃப்எஸ். கடலுக்கு 0.50-ஐ 0.40-ஆல் வகுத்தால் 1.25. வேதிக்கு 0.30-ஐ 0.55-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.55. சுவடிக்கு 0.20-ஐ 0.05-ஆல் வகுத்தால் 4. ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னும் பாக்கி வர வேண்டியவர். ஒன்றுக்குக் கீழே இருந்தால் தன் பங்கைத் தாண்டித் தின்றவர். ஆகவே குழு வரிசை: சுவடி, கடல், வேதி.

சுவடியில் இரண்டு பேர், கடலில் நான்கு, வேதியில் நான்கு. ரூட் பயனரை ஒதுக்கிவிட்டால் மொத்தம் பத்து. முதலில் நிற்பவருக்கு 1.0, அடுத்தவருக்கு 0.9 என்று பத்தில் ஒன்றாக இறங்கும். சுவடியின் இருவருக்கு 1.0, 0.9. கடலின் நால்வருக்கு 0.8 முதல் 0.5 வரை. பிறகுதான் வேதி. புதியவர் எதையும் தொடாதவர் என்பதால் வேதிக்குள் அவர்தான் முதலாவது; ஆனால் மொத்தத்தில் ஏழாவது. 0.4.

"அப்படியானால் என் குழுவினர் தின்றதற்கு நான் பட்டினியா?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் முறையின் நோக்கம். பங்கு குழுவுக்குத் தரப்பட்டது. ஒரு வீட்டுக்கு வந்த அரிசியை அண்ணன்மார்களே தின்றுவிட்டால் கடைசித் தம்பி அடுத்த வீட்டுப் பானையில் கை வைக்க முடியாது. இது பிடிக்கவில்லை என்றால் பிரையாரிட்டிஃபிளாக்ஸில் நோ ஃபேர் ட்ரீ என்ற கொடியைப் போட்டுப் பழைய முறைக்குப் போகலாம். பழையதில் 2-இன் எதிர்மறை அடுக்காகப் பயன்பாட்டைப் பங்கால் வகுத்த எண் வரும். பல அடுக்கு மரங்களில், தன் பங்குக்கு உட்பட்டு நடந்துகொண்ட குழுவின் ஆள் மீறிய குழுவின் ஆளுக்குப் பின்னால் போகும் விபத்து அதில் உண்டு. அதைச் சரிசெய்யத்தான் ஃபேர் ட்ரீயே வந்தது. நான் மாற்றவில்லை. பங்கு 30 போதுமா என்று வேதிக் குழுப் பேராசிரியர் கடல் குழுப் பேராசிரியரோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பங்கை நிர்ணயிப்பது கணினிக்காரரின் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு முறை நம்பி, இரு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

"ஜிபியு நான்கையும் ஒருவரே வைத்திருக்கிறார், அவர் கணக்கில் ஒன்றுமே ஏறவில்லை"

சரியான முறையீடு. குற்றம் அமைவில் இருக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் ஸ்லர்ம் கோர்களை மட்டுமே எண்ணுகிறது. ஒரு கோரும் இரண்டு ஜிபியுவும் கேட்டு 24 மணி நேரம் ஓட்டியவருக்கு 24 கோர் மணி. நோடு முழுவதையும், 32 கோர், ஒரே ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கு 32 கோர் மணி. எங்கள் இயந்திரத்தில் மிக விலையுயர்ந்த பகுதியை ஒரு பகல் ஓர் இரவு பிடித்து வைத்திருந்தவர் மற்றவரைவிடக் குறைவாகக் கடன்பட்டவராகிவிடுகிறார்.

தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையேறிய மீனைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கோடு நிறுத்துவதில்லை; படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு. ஸ்லர்மில் அந்த வேலையைச் செய்வது ட்ரெஸ்பில்லிங்வெயிட்ஸ், பார்ட்டிஷன் (நோடுகளின் தொகுப்பு) வரியில் எழுத வேண்டும். எங்கள் ஜிபியு நோடில் இப்படிக் கணக்கிட்டேன்: கோர் ஒன்றுக்கு 1. நோடில் 32 கோருக்கு 128 ஜிபி, கோருக்கு 4 ஜிபி. ஆகவே நினைவகத்தில் ஒரு ஜிபிக்கு 0.25. ஜிபியு இரண்டு, ஆகவே ஒன்றுக்கு 16. இப்போது கோர் அனைத்தையும் எடுத்தாலும் 32, நினைவகம் அனைத்தையும் எடுத்தாலும் 32, ஜிபியு இரண்டையும் எடுத்தாலும் 32. எதைத் தீர்த்தாலும் நோடைத் தீர்த்த விலை.

இதோடு பிரையாரிட்டிஃபிளாக்ஸில் மேக்ஸ் ட்ரெஸ் என்ற கொடி வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றையும் கூட்டிவிடும். முழு நோடு எடுத்தவருக்கு 96 என்று பில் வரும். கொடி இருந்தால் மூன்றில் பெரியது எதுவோ அது மட்டும்.

இன்னொன்று மறந்துபோகும். அக்கவுண்டிங்ஸ்டோரேஜ்ட்ரெஸ் என்ற வரியில் ஜிஆர்இஎஸ் சாய்கோடு ஜிபியு என்று சேர்க்காவிட்டால் ஜிபியு கணக்கிலேயே வராது. எடை கொடுத்துவிட்டு ஒரு வாரம் எண் நகரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் அந்த ஒற்றைச் சொல். நினைவகத்துக்கும் முன்நிபந்தனை உண்டு: செலக்ட்டைப்பாராமீட்டர்ஸில் சிஆர் கோர் மெமரி என்று இருக்க வேண்டும். கோர் மட்டும் என்று இருந்தால் நினைவகம் பங்கிடப்படும் பொருளே அல்ல. நூறு ஜிபி தின்னும் வேலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு நூறு ஜிபி வேலையையும் இறக்கிவிட்டு, இரண்டும் சாவதை வேடிக்கை பார்க்கும்.

மாற்றம் அதன் பிறகு தொடங்கும் வேலைகளுக்குத்தான் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடனைத் திருத்தி எழுத வழியில்லை.

"காலையில் வந்து பார்த்தால் இயந்திரம் முழுக்க ஒருவருடையது"

முன்பே சொன்னேன், ஓடும் வேலையை ஃபேர்ஷேர் தொடாது. இரவு பதினொரு மணிக்கு வரிசை காலி. கடல் குழுவில் ஒருவர் 384 கோருக்கும் ஏழு நாள் வேலைகளை நிரப்பிவிட்டுப் போய்விட்டார். காலையில் வந்தவர்களுக்கு முன்னுரிமை இருக்கிறது, இடம் இல்லை. அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு மருந்து வரம்புகள். கியூஓஎஸ்ஸில் ஆளுக்கு இத்தனை கோர் என்று மேக்ஸ்ட்ரெஸ்பர்யூசர் போடுவது எளிது. ஆனால் இரவில் காலியாகக் கிடக்கும் நோடுகளைப் பார்த்தால் வயிறு எரியும். எனக்குப் பிடித்தது ஜிஆர்பி‌ட்ரெஸ்ரன்மின்ஸ். ஒரு கணக்கின் ஓடும் வேலைகளுக்கெல்லாம் கோரையும் மீதமுள்ள நிமிடத்தையும் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு வரம்பு வைக்கிறது. நாங்கள் ஒரு குழுவுக்கு 2,76,480 கோர் நிமிடம் வைத்தோம். ஒரு நாள் வேலைகள் என்றால் 192 கோர். பன்னிரண்டு மணி நேர வேலைகள் என்றால் 384 கோரும் கிடைக்கும். இரண்டு நாள் வேலைகள் என்றால் 96 கோர்தான். நேரம் ஓட ஓட மீதம் குறைந்து, அடுத்த வேலைக்கு இடம் திறக்கும். நீண்ட வேலைகளை நறுக்கிப் போடுபவருக்கே அதிக இடம் என்ற பாடத்தை, யாரிடமும் கத்தாமல் இந்த ஒரு வரி சொல்லிக்கொடுத்துவிட்டது. பார்ட்டிஷனின் மேக்ஸ்டைமையும் ஏழு நாளிலிருந்து இரண்டு நாளாக இறக்கினேன். அதற்கு மட்டும் கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது.

வரம்புகள் வேலை செய்ய மேலே சொன்ன என்ஃபோர்ஸ் வரியில் லிமிட்ஸ் இருக்க வேண்டும். இடையில் சேமித்து மீண்டும் தொடரக்கூடிய நிரல்கள் இருந்தால் ப்ரீஎம்ஷனைத் திறந்து, முக்கியமான வேலை வரும்போது மற்றதை வரிசைக்குத் திருப்பி அனுப்பலாம். சேமிக்கத் தெரியாத நிரலுக்கு அதைச் செய்தால் மூன்று நாள் கணிப்பு கடலில் கரைத்த பெருங்காயம்.

"போன மாதம் ஓட்டியதற்கு இன்னும் எவ்வளவு நாள் தண்டனை?"

பிரையாரிட்டிடிகேஹாஃப்லைஃப் இயல்பாக 7 நாள். இன்று 1,000 கோர் மணி கடன் என்றால் ஒரு வாரத்தில் 500, இரண்டு வாரத்தில் 250, நான்கு வாரத்தில் 62.5. மாதக்கணக்கில் நினைவு வைத்திருக்க வேண்டும் என்று குழுக்கள் விரும்பினால் 14 அல்லது 30 நாளாக்குங்கள். பூஜ்யம் என்று எழுதினால் கடன் கரையவே கரையாது. அப்போது பிரையாரிட்டியூசேஜ்ரீசெட்பீரியட் கொடுத்து மாதம் ஒரு முறை அல்லது காலாண்டுக்கு ஒரு முறை நோட்டைக் கிழிக்க வேண்டும். எனக்கு அந்த முறை பிடிக்காது. மாதக் கடைசியில் எல்லாரும் கடன்காரர்கள், ஒன்றாம் தேதி எல்லாரும் உத்தமர்கள்.

சோதனைக்காக நீங்களே ஒருவர் பெயரில் ஓட்டிவிட்டு அவர் கடனை நீக்க வேண்டுமென்றால் சாக்ட்எம்ஜிஆர் மாடிஃபையில் ராயூசேஜை, அதாவது பதிவான பயன்பாட்டை, பூஜ்யமாக்கலாம். பூஜ்யத்தைத் தவிர வேறு எண் ஏற்காது.

"எல்லாருக்கும் பயன்பாடு பூஜ்யம் என்று காட்டுகிறது"

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை என்றால் அப்படியொரு மழை. மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் மூச்சை விட்டது. வெள்ளம் வடிந்து, மின்சாரம் வந்து, நோடுகளை ஒவ்வொன்றாக எழுப்பி எஸ்ஷேர் அடித்தால் ராயூசேஜ் பத்தி முழுக்கப் பூஜ்யம். வரிசையில் நின்ற வேலைகளும் இல்லை. தரவுத்தளம் அழிந்துவிட்டது என்று பதறி, தரவுத்தளத்தைக் கவனிக்கும் ஸ்லர்ம்டிபிடியைப் பார்த்தேன். அங்கே பழைய வேலைகளின் பதிவு ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

பிறகுதான் புரிந்தது. கரைந்துகொண்டே வரும் பயன்பாட்டு எண்ணை ஸ்லர்ம்சிடிஎல்டி தன்னிடமே வைத்துக்கொள்கிறது; ஸ்டேட்சேவ்லொகேஷன் என்ற அடைவில் அசோக் யூசேஜ் என்ற கோப்பில் எழுதுகிறது. தரவுத்தளத்திலிருந்து அதைத் திரும்பக் கட்டுவதில்லை. அந்த அடைவை நான் எப்போதோ சோதனைக்காக டெம்ப் அடைவுக்குள் வைத்துவிட்டு மறந்திருந்தேன். இயந்திரம் மறுபடி எழுந்தபோது டெம்ப் துடைத்த பலகை. புயல் மேல் பழி போட எனக்கும் ஆசைதான்.

வட்டில் நிலையான இடத்துக்கு மாற்றுங்கள். அன்றாடக் காப்பு நகலில் அந்த அடைவையும் சேருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு சாக்ட்எம்ஜிஆர் ஷோ ரன்அவேஜாப்ஸ் என்று ஒரு முறை அடிப்பதும் நல்ல பழக்கம். செத்துப்போன வேலைகள் தரவுத்தளத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக இருந்தால் பட்டியலிட்டு, முடித்து வைக்கட்டுமா என்று கேட்கும். முடித்து வைக்காவிட்டால் மாத அறிக்கையில் பேய்கள் கோர் மணி தின்னும்.

"நான்கு கோர் கேட்டேன், கிடைத்தது, ஆனால் ஆமை வேகம்"

பக்கத்து வேலை நான்கு கோர் கேட்டுவிட்டு 32 இழைகளை எழுப்பியிருக்கும். டாஸ்க்பிளகினில் சிகுரூப்பும் (வேலையை அளவுக்குள் அடைக்கும் லினக்ஸ் வசதி), சிகுரூப் கோப்பில் கன்ஸ்ட்ரெயின்கோர்ஸ், கன்ஸ்ட்ரெயின்ராம்ஸ்பேஸ் இரண்டும் ஆம் என்று இருந்தால் தீர்ந்தது: கேட்டதற்கு மேல் எடுக்க முடியாது. எல்லாரும் உள்நுழையும் லாகின் நோடிலேயே வேலையை ஓட்டும் ஆட்களுக்கு ஸ்லர்ம் பொறுப்பல்ல. சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸில் சிபியுகோட்டா, மெமரிமேக்ஸ் என்று இரண்டு வரி போதும்.

"நோடு காலியாக இருக்கிறது, என் வேலை ஏன் நிற்கிறது?"

திங்கட்கிழமை மாணவர் இந்த வகை. அவரை உட்கார வைத்து வரிசையைக் காட்டும் எஸ்க்யூவில் காரணப் பத்தியைப் பார்த்தோம். வரம்பில் முட்டியிருந்தால் அங்கே லிமிட் என்று முடியும் ஒரு நீளச் சொல் நிற்கும். பிரையாரிட்டி என்று இருந்தால் முன்னால் வேறு யாரோ இருக்கிறார். ரிசோர்சஸ் என்று இருந்தால் அடுத்து இவர்தான், இடம் போதவில்லை. அவருடையது ரிசோர்சஸ். எஸ்பிரையோவில் அவருக்குத்தான் அதிகப் புள்ளி. அதாவது பங்கு முறை அவரை ஏற்கெனவே முதலில் நிறுத்தியிருந்தது. நேற்று இரவு ஓடியவருக்கு அவரைவிடக் குறைவான புள்ளி.

"அப்படியானால் அவர் எப்படி முந்தினார்?"

கடலூரில் ஏறப்போகும் ஒருவருக்காகப் பஸ்ஸில் ஒரு சீட்டு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பஸ் புதுச்சேரியில் புறப்படுகிறது. தவளக்குப்பத்திலோ கிருமாம்பாக்கத்திலோ இறங்குபவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்தால் யாருக்கும் நட்டமில்லை; கடலூர் வருவதற்குள் எழுந்துவிடுவார். ஆனால் எங்கே இறங்குவேன் என்று சொல்லாதவரை நடத்துநர் சிதம்பரம் டிக்கெட் என்றே எடுத்துக்கொள்வார், உட்கார விடமாட்டார். இதுதான் பேக்ஃபில். பெரிய வேலைக்காக நோடுகள் சேர்ந்துகொண்டிருக்கும்போது, அது தொடங்குவதற்குள் முடிந்துவிடும் சிறிய வேலைகளை இடுக்கில் நுழைக்கிறது. நேற்று இரவு ஓடியவர் மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தார்.

மாணவரின் எஸ்பேட்ச் கோப்பைத் திறந்தோம். இரண்டு நோடு, 64 கோர். நேர வரி இல்லை. நேரம் சொல்லாத வேலைக்கு, டிஃபால்ட்டைம் இல்லையென்றால் பார்ட்டிஷனின் உச்ச நேரமே பொருந்தும். காலியாக இருந்த நோடுகள் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலைக்குப் பராமரிப்புக்காக நான் எல்லா நோடுகளையும் முன்பதிவு செய்திருந்தேன். இரண்டு நாள் ஓடக்கூடும் என்று சொல்லும் வேலையை அதற்கு முன்னால் இறக்க ஸ்லர்ம் மறுத்துவிட்டது. உண்மையில் அது எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டேன். "நான்கு மணி நேரம் ஆகும், அண்ணா. அதிகமாகப் போனால் ஐந்து."

நிர்வாகியின் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. டிஃபால்ட்டைமை வேண்டுமென்றே சிறிதாக, ஒரு மணி நேரம் என்று வையுங்கள். வேலை பாதியில் வெட்டப்பட்ட முதல் நாளிலேயே எல்லாரும் நேர வரி எழுதக் கற்றுக்கொள்வார்கள். ஷெட்யூலர்பாராமீட்டர்ஸில் பிஎஃப் விண்டோ இயல்பாக 1,440 நிமிடம், ஒரே நாள். உங்கள் உச்ச நேரம் இரண்டு நாள் என்றால் இதையும் 2,880-க்குக் குறையாமல் உயர்த்துங்கள்; அதோடு பிஎஃப் ரெசொல்யூஷனையும் கொஞ்சம் கூட்டினால் திட்டமிடும் சுமை ஏறாது. ஓராயிரம் வேலையை ஒரே நபர் வரிசையில் கொட்டும் இடமென்றால் பிஎஃப் மேக்ஸ் ஜாப் யூசர் கொடுத்து, ஒருவரின் இத்தனை வேலைகளை மட்டும் சோதித்துப் பார் என்று சொல்லுங்கள். எஸ்டயாக் அடித்தால் பேக்ஃபில் ஒரு சுற்றில் எத்தனை வேலையைத் தொட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியும்.

மாணவர் நேர வரியில் ஆறு மணி நேரம் என்று எழுதி, பழையதை நீக்கிவிட்டு மறுபடி போட்டார். கீழே கடைப் பையன் டீ கொண்டு வந்தபோது எஸ்க்யூவில் காத்திருப்பு என்னும் பிடி இருந்த இடத்தில் ஓடுகிறது என்னும் ஆர் வந்திருந்தது. மூன்று நாள் காத்திருப்பு வயதுப் புள்ளிகள் போய்விட்டனவே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.